கேஷுவாலிட்டியில் இத்தனை பேர் எதற்கு? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் பைக்கில் போகிறவர்கள், மீன் வியாபாரத்துக்குக் கிளம்புகிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள், கடலுக்குப் போய் வருகிறவர்கள், முனையைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்று அடிபட்டு வருகிறவர்கள் பலவிதம். கூட வரும் சொந்தக்காரர்கள் கேட்பதோ பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாசலில் நின்று அவசரத்தில் சொல்லும் பதில் யார் மனதிலும் தங்குவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புதிதாக டூட்டிக்கு வரும் தம்பி தங்கைகள் கேட்பதையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன்.

"பெரிய டாக்டர் எப்ப வருவாரு? அவரு வந்துதான் பாக்கணுமா?"

இல்லை. அவர் வரும்வரை யாரும் காத்திருப்பதும் இல்லை. பலத்த அடிபட்டு ஒருவர் வந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்கிறதா? நெஞ்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறி இறங்குகிறதா? ரத்தம் எங்கே போகிறது? நினைவு எப்படி இருக்கிறது? துணியை நீக்கிப் பார்த்தால் வேறெங்கும் அடி உண்டா? இதை ஒரே ஆள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், மூச்சைச் சரிசெய்து முடிப்பதற்குள் ரத்தம் போய்விடும். நாலைந்து பேர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு வேலையாகப் பார்த்தால் உயிர் தங்கும். எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் அவருக்கும் இரண்டு கைதான். அவர் வந்து சேரும்போது அறுவை செய்யும் நிலையில் நோயாளியை வைத்திருப்பது எங்கள் பொறுப்பு.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது?

இது ஒரு கிராமத்து மருத்துவமனையில் பட்ட அனுபவத்திலிருந்து வந்தது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர், குடும்பத்தோடு சிறிய விமானத்தில் போகும்போது நெப்ராஸ்கா மாநிலத்தில் விபத்தில் சிக்கினார். மனைவி அங்கேயே இறந்துபோனார். பிள்ளைகளுக்கும் பலத்த அடி. பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனையில் எதை முதலில் பார்ப்பது, யார் பார்ப்பது என்ற முறையே இல்லாததை அவர் நேரில் கண்டார். அதற்குப் பிறகு அவரும் சக மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய பயிற்சி 1978-இல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க ஏ, பி, சி, டி, இ (மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, துணி நீக்கிப் பார்ப்பது) என்று சொல்லிக்கொடுக்கும் வரிசை அதுதான். பெருநகரத்துக்கு வெளியே வேலை பார்க்கிற எங்களுக்கு இந்தக் கதை மிக நெருக்கமானது.

"எல்லாரும் ஓடிட்டிருக்காங்க, ஒருத்தரு மட்டும் கால்மாட்டுல சும்மா நிக்கிறாரே?"

அவர்தான் குழுத் தலைவர். சும்மா நிற்பதுபோலத் தெரிவதுதான் அவருடைய வேலை. கால்மாட்டில் நின்றால் நோயாளி முழுவதும் தெரியும், மானிட்டர் தெரியும், ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரியும். அவர் ஊசி குத்தவோ தையல் போடவோ குனிந்துவிட்டால் அந்த நேரம் மொத்தத்தையும் பார்க்க ஆளில்லை. புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு (பயிற்சி மருத்துவர்களுக்கு) இது கஷ்டமான பாடம். கை துறுதுறுக்கும். நான் பார்த்த நல்ல தலைவர்கள் அந்த நேரத்தில் அதிகம் பேசமாட்டார்கள். ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுப்பார்கள், அது முடிந்தது என்ற பதில் வரும்வரை காதைத் தீட்டி வைத்திருப்பார்கள். "யாராவது லைன் போடுங்க" என்றால் யாரும் போடமாட்டார்கள், இல்லாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து போடுவார்கள்.

அப்படியானால் மற்றவர்கள் யார், யார்?

தலைமாட்டில் மயக்க மருந்து நிபுணர் இருப்பார். மூச்சுப் பாதையும் கழுத்தும் அவர் பொறுப்பு. ஒரு மருத்துவர் நெஞ்சைப் பார்ப்பார். இன்னொருவர் ரத்தக் கசிவைத் தேடி, வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு செவிலியர் இரண்டு கையிலும் பெரிய ஊசியாகப் போட்டு ரத்த மாதிரி எடுப்பார், மற்றொருவர் மருந்து எடுத்துக் கொடுப்பார். ஒருவர் நேரத்தையும் எண்களையும் எழுதுவார். எக்ஸ்ரே டெக்னீஷியன், ரத்த வங்கி டெக்னீஷியன், எலும்பு மருத்துவர், தேவைப்பட்டால் நரம்பியல் அறுவை மருத்துவர் எல்லாரும் இதில் சேர்த்தி. ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணனும், தரையில் சிந்திய ரத்தத்தை உடனே துடைக்கும் அக்காவும் சேர்த்தி. லிப்ட்டைப் பிடித்து வைத்திருக்க ஆளில்லாமல் நோயாளி தியேட்டர் வாசலில் நின்றால், மேலே சொன்ன எல்லாரும் சேர்ந்து மிச்சம் பிடித்த நேரம் அங்கே போய்விடும்.

நோயாளி வருவதற்கு முன்பே தயாராக முடியுமா?

முடியும், அதுதான் பாதி வேலை. 108 ஆம்புலன்சில் இருக்கும் டெக்னீஷியன் வழியிலிருந்தே போன் செய்கிறார். அந்த ஐந்தோ பத்தோ நிமிடத்தில் யார் எந்த இடம் என்று பிரித்துக்கொள்கிறோம், சக்ஷனை (வாயில் தேங்கும் ரத்தத்தையும் சளியையும் உறிஞ்சும் கருவியை) ஓடவிட்டுப் பார்க்கிறோம், ரத்த வங்கிக்குத் தகவல் சொல்கிறோம். ஆம்புலன்ஸ் வந்ததும் டெக்னீஷியன் நாலே விஷயம் சொல்வார்: எப்படி அடிபட்டது, எங்கெங்கே அடி, நாடியும் பிரஷரும் எவ்வளவு, வழியில் என்ன செய்தோம். அவர் பேசும் அந்த அரை நிமிடம் மூச்சுக்கோ நாடிக்கோ ஆபத்து இல்லையென்றால் யாரும் நோயாளியைத் தொடக்கூடாது, யாரும் பேசவும் கூடாது என்பது எங்கள் வழக்கம். "பைக் ஹேண்டில் வயித்துல குத்தியிருக்கு" என்ற ஒரு வார்த்தை அந்த இரைச்சலில் காதில் விழாமல் போனால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் கிழிசலைத் தேடத் தாமதமாகும்.

"தென்னையிலேருந்து விழுந்த எங்க மாமாவை ஏன் தூக்கி உட்கார வைக்கக்கூடாதுன்னாங்க?"

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நனைந்த தென்னையிலும் பனையிலும் ஏறி வழுக்கி விழுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறோம். உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் குதிகாலில் வலி என்றால் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அந்த அதிர்வு அப்படியே மேலே ஏறும். உட்கார வைத்தால், தண்டுவடத்துக்கு இன்னும் சேதம் ஆகாதிருந்தாலும் ஆகிவிடலாம்.

முதுகைப் பார்ப்பதற்கு அவரை எப்படித் திருப்புகிறோம் என்று சொல்கிறேன். தலைமாட்டில் ஒருவர் இரண்டு கையாலும் தலையையும் கழுத்தையும் பிடித்திருப்பார். பக்கவாட்டில் மூன்று பேர்: ஒருவர் கை தோளிலும் இடுப்பிலும், அடுத்தவர் கை முதலாமவர் கையைத் தாண்டி இடுப்பிலும் தொடையிலும், மூன்றாமவர் கை காலில். கட்டளை கொடுப்பது தலையைப் பிடித்திருப்பவர் மட்டுமே. அவர் வயதில் இளையவராக இருக்கலாம், பக்கத்தில் நிற்பவர் பேராசிரியராக இருக்கலாம், ஆனாலும் அப்படித்தான். "மாமா, உங்களைத் திருப்பப் போறோம், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று நோயாளியிடமும் சொல்லிவிட்டு, மூன்று எண்ணியதும் உடம்பு ஒரே தடியாக உருளும். ஐந்தாவது ஆள் கழுத்திலிருந்து வால் எலும்பு வரை விரலால் தொட்டுக்கொண்டே வருவார். விரல் ஓரிடத்தில் நிற்கும்போது நோயாளியின் முகம் சுளிக்கிறதா என்று தலைமாட்டுக்காரர் பார்ப்பார். இதை ஒருவர் தனியாகச் செய்ய வழியே இல்லை.

தலையிலும் அடி, வயிற்றிலும் அடி என்றால் எந்த டாக்டர் முதலில்?

குழுவாக வேலை பார்ப்பது ஏன் என்பதை இந்தக் கேள்விதான் நன்றாகக் காட்டும். நரம்பியல் மருத்துவருக்குத் தலை ஸ்கேன் அவசரம். அறுவை மருத்துவருக்கு வயிறு அவசரம். எலும்பு மருத்துவர் தொடையைப் பார்க்கிறார்: தொடை எலும்பு முறிந்தாலே ஒன்றரை லிட்டர் ரத்தம் வரை உள்ளே தேங்கக்கூடும். மூன்று பேர் சொல்வதும் சரிதான், ஆனால் மூன்றையும் ஒரே வேளையில் செய்ய முடியாது.

இங்கே முடிவைத் தருவது உடம்பின் கணக்கு. தலையில் பலத்த அடிபட்டவருக்கு மேல் பிரஷர் ஒரு தடவை 90-க்குக் கீழே இறங்கினாலே இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 1990-களிலேயே தெரிந்துவிட்டது. அடிபட்ட மூளைக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை என்றால் அது இரண்டாவது முறை அடிபடுகிறது. ஆகவே வயிற்றில் ரத்தம் கொட்டி, பிரஷரும் நிற்காதபோது முதலில் தியேட்டர். வயிற்றில் கசிவை நிறுத்துவதுதான் அப்போது மூளைக்கான வைத்தியம். பிரஷர் நிலையாக இருந்தால் முதலில் ஸ்கேன். சில நேரம் வயிற்றில் ஒருவரும் தலையில் ஒருவருமாக ஒரே மேசையில் இரண்டு அறுவையும் நடக்கும். இந்தத் தீர்மானத்தை மூன்று துறையும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி அனுப்பி எடுக்க முடியாது. மூவரும் நோயாளியின் பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியே எடுக்க வேண்டும். துறைகளுக்கு நடுவே காகிதம் அலைந்துகொண்டிருக்க நோயாளி கையை விட்டுப் போன கதைகளை இந்த வேலையில் இருக்கும் எல்லாரும் கேட்டிருப்பார்கள். என்னால் அவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

"வயித்தைத் திறந்துட்டு முழுசா முடிக்காம ஐ.சி.யூ-வுக்குக் கொண்டு போயிட்டாங்களே?"

அது அரைகுறை வேலை இல்லை, திட்டமிட்டுச் செய்தது. ரத்தம் நிறையப் போனால் உடம்பு குளிர்ந்துவிடும், ரத்தத்தில் அமிலம் ஏறும், உறையும் தன்மை குறையும். இந்த மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். அந்த நிலையில் மூன்று நான்கு மணி நேரம் அறுவை செய்தால் அறுவை நன்றாக முடியும், ஆள் இருக்கமாட்டார். ஆகையால் கசிவை அடைத்து, துணி வைத்து அமுக்கி, தற்காலிகமாக மூடி, ஐ.சி.யூ-வில் சூடேற்றி, ரத்தம் கொடுத்துத் தேற்றி, ஓரிரு நாளில் மறுபடி திறந்து முடிப்பார்கள்.

"நாங்க முதல்ல வந்தோம், பின்னால வந்தவங்களை ஏன் உள்ளே எடுத்தாங்க?"

இங்கே வந்த நேரத்துக்கு வரிசை கிடையாது. வாசலிலேயே சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள் (சற்றுப் பொறுக்கக்கூடியவர்), பச்சை (காத்திருக்கக்கூடியவர்) என்று பிரித்துவிடுகிறோம். கை முறிந்து கத்துகிறவரைவிட, சத்தமே இல்லாமல் வெளிறிப்போய் வியர்த்துக் கிடப்பவரைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. உங்கள் நிலைமை மோசமாகத் தெரிந்தால் மறுபடி சொல்லுங்கள், மறுபடி பார்ப்போம். நிறம் ஒருமுறை போட்டால் போட்டதுதான் என்றில்லை.

ஜூனியர் ஒருவர் சீனியரிடம் "இது சரியில்லை" என்று சொல்லலாமா?

புதிதாக வருகிற எல்லாரும் என்னிடம் தனியாகக் கேட்பது இதுதான். சொல்லலாம் என்பதல்ல, சொல்லியே ஆக வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் செவிலியருக்குத்தான் எண்கள் தெரியும். பெரியவர்கள் காயத்தில் மூழ்கியிருக்கும்போது பிரஷர் இறங்குவதை முதலில் பார்ப்பவர் அவர்தான். நல்ல உடல்வாகுள்ள இளைஞர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகும்வரைகூடப் பிரஷர் சரியாகவே காட்டும், நாடி மட்டும் 120-ஐத் தாண்டி ஓடும். அந்த நாடியைச் சத்தமாகச் சொல்ல ஒரு குரல் வேண்டும்.

நாங்கள் பழக்கும் முறை இது. முதலில் பொதுவாகச் சொல்: "பிரஷர் 84." பதில் வரவில்லை என்றால் பெயரைச் சொல்லிச் சொல்: "சார், பிரஷர் 84, நாடி 136, எனக்குக் கவலையா இருக்கு." அதற்கும் பதில் இல்லை என்றால், "சார், ஒரு நிமிஷம் நிறுத்திட்டுப் பாருங்க." இதற்காக யாரும் முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பைத் தாங்கிக்கொள்ளலாம், நோயாளியை இழப்பதைத் தாங்க முடியாது. நம் ஊரில் மரியாதை என்பதைப் பல நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எடுத்துக்கொள்கிறோம். சிவப்புப் பகுதியில் அது உதவாது. இதைச் சொல்லித்தர வேண்டியது சீனியர்களின் கடமை என்பது என் உறுதியான எண்ணம். எண்ணைச் சொன்னதும் "கேட்டேன், நல்லது மக்களே" என்று ஒரு சீனியர் பதில் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை அடுத்த தடவை தயங்காது.

ரத்தம் உடனே கிடைக்காதா? ஏன் காக்க வைக்கிறார்கள்?

உயிர் போகும் நிலை என்றால் காக்க வைப்பதில்லை. குரூப் பார்ப்பதற்கு முன்பே ஓ வகை ரத்தம் ஏற்றத் தொடங்கலாம். ஆனால் ரத்தச் சிவப்பணு மட்டும் போதாது, உறைவதற்குப் பிளாஸ்மாவும் தட்டணுவும் வேண்டும். பிளாஸ்மா உறைநிலையில் இருக்கும், அதை உருக்கவே அரை மணி நேரம் போல ஆகும். தட்டணு சேகரித்த ஐந்தே நாளில் காலாவதியாகிவிடும். ரத்த வங்கிக்கு முதல் போன் சீக்கிரம் போனால்தான் எல்லாம் சேர்ந்து வரும். முதல் மணி நேரத்திலேயே டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த மருந்தும் போடுகிறோம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் 40 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு அதன் பலனைக் காட்டியது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்லது, அதற்குப் பிறகு கெடுதலாகவும் முடியலாம். அடிபட்ட நேரம் எப்போது என்று உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகவும்தான்.

"குடிச்சிட்டு விழுந்தவனுக்கு இவ்வளவு பாக்கணுமா?"

பார்க்க வேண்டும், இன்னும் கூடுதலாகவே. குழறும் பேச்சுக்குக் காரணம் மது என்று முடிவு கட்டிவிட்டால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருப்பது தெரியாமல் போகும். எங்கள் விதி: வேறு காரணம் இல்லை என்று தெரியும்வரை அது தலைக்காயம்தான்.

"அந்தக் காலத்துல ஒரே டாக்டர் எல்லாம் பாத்தாரே?"

பார்த்தார்கள், மனதாரக் கும்பிடுகிறேன். நம் மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனை 1838-இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சோமர்வெல் 1920-களில் அங்கே வந்து பல ஆண்டுகள் எல்லா வகை அறுவையும் செய்தார். ஆனால் அந்த நெய்யூரிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்துக் கிளை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். ஒற்றை ஆளால் ஆகாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இன்று அடியின் வேகமும் வேறு. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கிலிருந்து விழுந்தவருக்கு மூன்று நான்கு உறுப்புகளில் ஒரே நேரத்தில் அடி இருக்கும்.

எங்கே கொண்டு போவது? ஆசாரிபள்ளமா, பக்கத்து ஆஸ்பத்திரியா, திருவனந்தபுரமா?

108-இல் ஏற்றினால் இந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை, அவர்களே முடிவு செய்வார்கள். அழைக்கும்போது கன்னியாகுமரி மாவட்டம் என்று முதலில் சொல்லிவிட்டு, ஊர், பக்கத்துக் கோயில் அல்லது குருசடி, ஜங்ஷன் பெயர் சொல்லுங்கள். மூச்சு திணறினாலும் ரத்தம் நிற்காவிட்டாலும் முதலில் பக்கத்தில் அதைச் சமாளிக்கக்கூடிய இடம். தக்கலையிலோ குழித்துறையிலோ மூச்சுக்குழாய் போட்டு, இடுப்பைக் கட்டி, நெஞ்சில் குழாய் வைத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், அந்தச் சிறிய மருத்துவமனையும் குழுவில் ஒரு பாகம்தான். மேற்குப் பகுதிக்காரர்கள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போக நினைப்பது இயல்பு, பல நேரம் சரியும்கூட. ஆனால் 2018-இல் மார்த்தாண்டம் மேம்பாலம் வந்த பிறகும் அந்தச் சாலை நெரிசல் உங்களுக்குத் தெரியும். சரிப்படுத்தாமல் கிளம்பினால் வழியில்தான் ஆபத்து. அனுப்பும் மருத்துவர் வாங்கும் மருத்துவரிடம் போனில் பேசிவிட்டாரா, ஸ்கேன் படமும் கொடுத்த மருந்தின் குறிப்பும் கூட வருகிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது தவறே இல்லை.

போலீஸ் கேஸ் ஆகுமே? பணம் கட்டினால்தான் பார்ப்பார்களா?

முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்துப் பதிவேட்டில் எழுதிப் போலீசுக்குத் தகவல் சொல்வது எங்கள் வேலை. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்த வழிப்போக்கருக்கு, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது. பெயர் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கேரளத்துக்காரரானாலும் வெளிநாட்டுக்காரரானாலும் தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டிருந்தால் போதும்.

"நாங்க வெளியே நிக்கையில என்ன செய்யட்டும்?"

உங்களில் ஒருவரை மட்டும் பேசுவதற்கு நிறுத்துங்கள், அவர் போன் நம்பரைச் சிஸ்டரிடம் கொடுங்கள். பத்துப் பேர் பத்துத் தடவை கேட்டால் உள்ளே வேலை நிற்கிறது. அடிபட்டவர் தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டையை வீட்டிலிருந்து யாரையாவது எடுத்து வரச் சொல்லுங்கள். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உடனே சொல்லியாக வேண்டும், அறுவைத் திட்டமே மாறும். சர்க்கரை, ஒவ்வாத மருந்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், பெண்ணென்றால் கர்ப்பமா என்பதும் தேவை. தண்ணீர், டீ எதுவும் அவருக்குக் கொடுக்காதீர்கள், வாய் உலர்ந்து கேட்டாலும் வேண்டாம். டூட்டி மாறி வேறு சிஸ்டர் வந்தால், முன்னவரிடம் சொன்னோமே என்று விட்டுவிடாமல் இந்த விவரத்தை அவரிடமும் ஒரு தடவை சொல்லுங்கள்.